ஸ்டார்ட் லைனில் வண்டிப் பரிசோதனை: எதைப் பார்ப்பது, பழுதானால் யார் பொறுப்பு?

கிளப்செயலர்

வணக்கம் நண்பர்களே. எங்கள் கிளப் நடத்தும் அமெச்சூர் ரேஸுக்கு உபகரண விதிகளைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம். 1.2 கி.மீ. சுற்றில் ஒரு கிரிட்டீரியம் (சின்னச் சுற்றைப் பல முறை சுற்றும் ரேஸ்), மறுநாள் 60 கி.மீ. சாலைப் போட்டி. மூன்று பிரிவு, பிரிவுக்கு 40 பேர்; ஆக 120 வண்டிகள் வரும். பலருக்கு இதுதான் முதல் ரேஸ். கிளப் சக்கரத்தையோ நண்பரின் வண்டியையோ இரவல் வாங்கி ஓட்டுபவர்களும் உண்டு. ரிம் பிரேக், டிஸ்க் பிரேக் இரண்டும் கலந்து இருக்கும்.

நுழைவுப் படிவத்தில் இப்போது இருப்பது ஒரே வரி: "என் சைக்கிளின் நிலைக்கு நானே பொறுப்பு." அதன் கீழே கையெழுத்து. அது போதுமா? போதாது என்றால் யாருக்கு எந்தப் பொறுப்பு என்று எப்படிப் பிரித்து எழுதுவது?

பரிசோதனைக்கு இரண்டு தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். வண்டிக்கு ஒரு நிமிடம் ஒதுக்க முடியும். அந்த ஒரு நிமிடத்தில் எதைப் பார்த்தால் உருப்படியான பயன் கிடைக்கும்? 'கடையில் சர்வீஸ் செய்ததற்குச் சான்றிதழ் கேட்டுவிடலாம்' என்று குழுவில் ஒரு யோசனை இருக்கிறது, அது சரிவருமா? கடைசியாக ஒன்று: ரேஸ் நடுவில் விழுந்து எழுந்தவரைத் திரும்ப ஓட விடலாமா என்பதை யார் தீர்மானிக்க வேண்டும்?

தொடக்கக்கோடு

பொறுப்பைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிக்கிற விஷயத்தை அது தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

யூசிஐ (சர்வதேச சைக்கிள் ஒன்றியம்) விதிப்புத்தகத்தில் உபகரணப் பகுதி தொடங்குவதே இதில்தான்: லைசென்ஸ் வைத்திருப்பவர் தன் வண்டி, அதில் மாட்டியிருக்கும் பொருள்கள், ஹெல்மெட், உடை எதுவும் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக அமையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் தேர்ந்தெடுத்த உபகரணத்தால் வரும் விளைவுகளுக்கு யூசிஐ பொறுப்பேற்காது என்றும் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். இதில் 'பிறருக்கோ' என்ற சொல்தான் முக்கியம். 40 பேர் ஒட்டி ஓடும் கூட்டத்தில் முன்வரிசையில் ஒருவரின் ஹேண்டில்பார் சுழன்றால் அவரோடு பின்னால் வரும் ஐந்தாறு பேரும் விழுவார்கள். உங்கள் படிவத்தில் இல்லாதது இதுதான். 'என் சைக்கிளுக்கு நானே பொறுப்பு' என்பதைப் படிக்கும் புதியவர் 'உடைந்தால் என் செலவு' என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்.

யூஎஸ்ஏ சைக்கிளிங் (அமெரிக்க சைக்கிள் கூட்டமைப்பு) விதியில் இன்னொரு தெளிவு இருக்கிறது. கிரிட்டீரியத்தில் பஞ்சர் ஆனாலோ முக்கிய பாகம் உடைந்தாலோ அது ஏற்கத்தக்க பழுது. பிட்டில் (பாதையோரம் பழுதுபார்க்கும் இடம்) சரிசெய்துகொண்டு, இழப்பில்லாமல் ஒரு சுற்றைத் தவிர்க்க விடும் இலவசச் சுற்று எடுத்துக் கூட்டத்தில் சேரலாம். பாகத்தைத் தப்பாகப் பூட்டியதால் வந்த கோளாறும், சரியாக இறுக்காததால் வந்த கோளாறும் அந்தக் கணக்கில் சேராது. பசை ஒழுங்காகப் போடாமல் டியூபுலர் (ரிம்மில் ஒட்டும் டயர்) கழன்றாலும் அப்படித்தான். தற்செயலாக நடப்பது எது, பராமரிப்புக் குறையால் நடப்பது எது என்று விதியே கோடு கிழித்துவிடுகிறது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இலவசச் சுற்று கிடைக்காது என்று தெரிந்தால் முதல் நாள் இரவே போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

அமைப்பாளரின் பொறுப்பை ஓட்டுபவரின் கையெழுத்தால் கைகழுவ முடியாது. திருப்பத்தில் கிடக்கும் மணல், பாதையை நோக்கிக் கால் நீட்டிய தடுப்பு வேலி, கொடி பிடிக்க ஆள் இல்லாத சந்திப்பு, எதிரே வரும் வாகனம், ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் எல்லாம் உங்களுடையவை. பல நாடுகளில் கடுமையான அலட்சியம் நிரூபணமானால் எந்த விலக்குப் படிவமும் நிற்காது. 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்காகப் பெற்றோர் போடும் கையெழுத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். படிவத்தை அச்சடிக்கும் முன் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமும் உள்ளூர்ச் சட்டம் தெரிந்தவரிடமும் காட்டிவிடுங்கள்.

மூன்றாவது தரப்பு, இரவல் கொடுப்பவர். கிளப் சக்கரம் கொடுத்தால் கொடுக்கும் நேரத்தில் அதன் நிலைக்குக் கிளப் பொறுப்பு. வண்டியில் சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்பது ஓட்டுபவர் பொறுப்பு. இந்தக் கைமாற்றத்தைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

சர்வீஸ் சான்றிதழ் வேண்டாம். போன வாரம் கடையில் பார்த்த வண்டியின் முன்சக்கரத்தை இன்று காலை காரில் ஏற்றுவதற்காகக் கழற்றியிருப்பார்கள். அந்தச் சக்கரத்தைப் பற்றிச் சான்றிதழுக்கு எதுவும் தெரியாது. அதைவிட மோசம், காகிதம் கையில் இருந்தால் தன்னார்வலரும் வண்டியைக் கூர்ந்து பார்க்க மாட்டார்.

வண்டியை மறுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பதவியோடு விதியில் எழுதுங்கள். தலைமை நடுவருக்கு, அவர் இல்லாவிட்டால் பரிசோதனைப் பொறுப்பாளருக்கு. ஸ்டார்ட் லைனில் மேல்முறையீடு கிடையாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மறுக்கப்பட்டவர் சரிசெய்துகொண்டு வர நேரமும் வேண்டும். 120 வண்டி, இருவர், வண்டிக்கு ஒரு நிமிடம் என்றால் கணக்குக்கு 60 நிமிடம். வரிசை குழம்புவதையும் சேர்த்தால் 80. பிரிவுவாரியாக அழையுங்கள். ஒவ்வொரு பிரிவின் ஸ்டார்ட்டுக்கும் 20 நிமிடம் முன்பே அந்தப் பிரிவின் பரிசோதனை முடிந்துவிட வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஓடிவருபவரின் வண்டியைத்தான் பேருக்குப் பார்த்து அனுப்பிவிடுவோம்.

சாவிக்கொத்து

ஒரு நிமிடம் போதும், ஒரே வரிசையில் செய்தால். முன்னாலிருந்து பின்னால் போங்கள், வரிசையை மாற்றாதீர்கள். வரிசை மாறினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

முதலில் ஹேண்டில்பாரைப் பிடித்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, டயரின் தலையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. ஆக்ஸில் லூஸாக இருந்தால் அங்கேயே 'டக்' என்று கேட்கும், சக்கரம் அசையும். க்விக் ரிலீஸ் (லீவரை மடக்கி இறுக்கும் ஆக்ஸில்) என்றால் லீவரைப் பாருங்கள். ஆக்ஸிலுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும் பாதி நிலையில்தான் அது எதிர்ப்புக் காட்டத் தொடங்க வேண்டும். அதன் பிறகு உள்ளங்கையால் அழுத்தி மூடும்போது கையில் லீவரின் அச்சு ஒரு நொடி சிவப்பாகப் பதிய வேண்டும். விரல் நுனியால் மூட முடிந்தால் அது மூடியதாகக் கணக்கில்லை. லீவரைப் பட்டாம்பூச்சி நட்டு மாதிரி சுற்றி முறுக்கியிருப்பவர்கள் புதியவர்களில் நிச்சயம் இருப்பார்கள். லீவரை மடக்கும்போது இறுக்கும் கேமையே அவர்கள் பயன்படுத்தவில்லை, சக்கரத்தில் பிடிப்பே இருக்காது. த்ரூ ஆக்ஸில் (திருகி மாட்டும் ஆக்ஸில்) என்றால் அதன் தலையில் முறுக்குவிசை அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 10 முதல் 15 நியூட்டன் மீட்டருக்குள். உள்ளே போய்விட்டதே என்று மரை பிடிக்கும் முன்பே விட்டுவிடுவது இதில் வரும் தப்பு.

இரண்டாவது ஹெட்செட், அதாவது ஃபோர்க் திரும்பும் இடத்துப் பேரிங். முன் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரல்கள் ஃபோர்க்கும் ஃபிரேமும் சேரும் இடத்தில் இருக்கட்டும். ஆட்டம் இருந்தால் விரலுக்குத் தெரியும். டிஸ்க் பிரேக்கில் பேட் தன் இடத்தில் அசைவதையும் ஆட்டம் என்று நினைக்க வாய்ப்புண்டு. ஹேண்டில்பாரை 90 டிகிரி திருப்பிக்கொண்டு அதே மாதிரி ஆட்டிப் பாருங்கள். அப்போதும் அசைந்தால் ஹெட்செட்தான்.

மூன்றாவதுதான் நான் மிகவும் கவலைப்படுவது: ஸ்டெம், ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு. வண்டிக்கு முன்னால் நின்று முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். சக்கரம் நேரே நிற்க ஸ்டெம் மட்டும் நழுவினால் வண்டி ஓடக் கூடாது. பிறகு பிரேக் ஹூட் (பிரேக் லீவரின் கைப்பிடி) இரண்டிலும் உள்ளங்கைகளை வைத்து உடல் எடையை இறக்குங்கள். பார் கீழே சுழன்றால், பாரை ஸ்டெம்மோடு பிடிக்கும் ஃபேஸ்பிளேட்டின் போல்ட் இறுக்கம் போதவில்லை. வண்டியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இரவில் அவசரமாகப் பூட்டியவர்களிடம் இது சகஜம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. மேலே மூடியில் இருக்கும் போல்ட் ஃபோர்க்கைப் பிடித்துவைப்பதில்லை. அதன் வேலை பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பது மட்டும். ஃபோர்க்கைப் பிடிப்பது ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்ட்கள். பக்கவாட்டுப் போல்ட் இறுகியிருக்கும்போது மேல்மூடியை எவ்வளவு முறுக்கினாலும் ஆட்டம் போகாது. கார்பன் ஸ்டீயரருக்குள் (ஃபோர்க்கின் மேல் குழாய்) இருக்கும் பிளக்தான் நழுவும். முறை இது: பக்கவாட்டுப் போல்ட்களைத் தளர்த்து, மேல்மூடியை ஆட்டம் போகும் வரை மட்டும் இறுக்கு, சக்கரத்துக்கு நேராக ஸ்டெம்மை வை, பிறகு பக்கவாட்டுப் போல்ட்களை மாற்றி மாற்றிக் கால் கால் சுற்றாக இறுக்கு. ஃபேஸ்பிளேட்டின் நான்கு போல்ட்களைக் குறுக்காக இறுக்க வேண்டும். மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். மேல் பக்கத்தை முழுதாக மூடிவிட்டுக் கீழே இறுக்கச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. அதில் சம இடைவெளி தேடக் கூடாது.

பெரும்பாலான ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருக்கும். 10 செ.மீ. நீளச் சாவியின் நுனியில் சுமார் 5 கிலோ எடை தொங்கவிட்டால் வரும் விசை அவ்வளவுதான். கையால் 'நல்லா டைட்' என்று முறுக்குபவர்கள் இதன் இரண்டு மடங்குக்குச் சாதாரணமாகப் போய்விடுவார்கள். கார்பன் பாரில் அது நார்களை நசுக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, ஸ்பிரிண்ட்டில் நின்று இழுக்கும்போது கிளாம்ப் விளிம்பில் உடையும். நழுவினால் இன்னும் முறுக்குவது தீர்வாகாது. கார்பன் பேஸ்ட் தடவி, அச்சிட்ட அளவுக்கே இறுக்க வேண்டும். அந்த இடத்தில் கிரீஸ் போடவே கூடாது.

நான்காவது, பார் முனை மூடிகள். இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், இழுத்தால் கையோடு வரக் கூடாது. மூடி இல்லாத குழாய் முனை ஒரு வட்டக் கத்தி. விழும்போது தொடையிலோ வயிற்றிலோ முழு உடல் எடையோடு இறங்கும். இதற்கு விதிவிலக்கே தராதீர்கள். ஒரு பை நிறைய மூடி வாங்கி மேசையில் வையுங்கள், இருப்பதிலேயே மலிவான பாதுகாப்பு அதுதான்.

ஐந்தாவது பிரேக். இரண்டு லீவரையும் முழு பலத்தோடு அழுத்துங்கள். பாரைத் தொடக் கூடாது. ஹைட்ராலிக் என்றால் அழுத்தியபடியே ஐந்து நொடி வையுங்கள். லீவர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ எண்ணெய் கசிகிறது. முதல் அழுத்தத்தில் தொளதொளவென்று போய், நாலைந்து முறை அழுத்தியபின் இறுகினால் உள்ளே காற்று. இரண்டுமே நிராகரிக்க வேண்டியவை. ரிம் பிரேக்கில் பேட் முழுதாக ரிம்மில் உட்கார்கிறதா என்று பாருங்கள். மேலே ஏறி டயரைத் தொட்டால் சில இறக்கங்களிலேயே டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும்.

மிச்சம் வேகமாக: இரு சக்கரத்தையும் ஒரு சுற்று சுழற்றி டயரில் வீக்கம், வெட்டு, வெளியே தெரியும் நூல் உண்டா என்று பாருங்கள். கிராங்க் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பாட்டில் கூடு, கம்ப்யூட்டர் மவுண்ட், சீட் பை எதுவும் ஆடக் கூடாது. பம்பைக் கழற்றச் சொல்லுங்கள். சாலையில் உருளும் ஒரு பாட்டில் பின்னால் வரும் ஐந்து பேரை வீழ்த்தும்.

ஒரு நிமிடத்தில் பார்க்க முடியாதவை ஓட்டுபவர் வீட்டில் பார்த்து வரவேண்டியவை. செயின் நீட்சி: 24 இணைப்புகளின் நீளம் புதிதில் 304.8 மி.மீ., 306.3 வந்துவிட்டால் 0.5 சதவீதம், 11, 12 ஸ்பீடில் மாற்றும் நேரம். தேய்ந்த செயின் நின்று மிதிக்கும்போது பல்லைத் தாவும், மிதித்த கால் சரேலென்று கீழே போகும், ஆள் பாருக்கு மேலே போவார். டிஸ்க் பேடில் ஷிமானோ சொல்லும் குறைந்தபட்சத் தடிப்பு 0.5 மி.மீ., ரோட்டார் (டிஸ்க் பிரேக்கின் தட்டு) புதிதில் 1.8, 1.5 ஆனால் மாற்ற வேண்டும். கிளீட்டின் (ஷூவைப் பெடலில் மாட்டும் துண்டு) முன்மூக்கு தேய்ந்திருந்தால் ஸ்பிரிண்ட்டில் பெடலிலிருந்து கால் பிடுங்கிக்கொண்டு வரும். இன்னொன்று: 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான 11 ஸ்பீட் அல்டெக்ரா, டுரா-ஏஸ் கிராங்குகளில் ஒட்டிய பகுதி பிரியக்கூடும் என்று ஷிமானோ 2023 செப்டம்பரில் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. 6800, ஆர்8000, 9000, ஆர்9100 மாடல்கள். அமெச்சூர் ரேஸ்களில் இவை இன்னும் நிறைய ஓடுகின்றன. பரிசோதித்தாயிற்றா என்று படிவத்திலேயே ஒரு கேள்வி கேட்டுவிடலாம்.

ரிம்மும்டயரும்

சாவிக்கொத்து அண்ணன் டயரை ஒரே வரியில் தாண்டிவிட்டார். இரவல் சக்கரம் என்று கேள்வியில் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது ஹூக்லெஸ் ரிம்.

பழைய ரிம்மின் உள்விளிம்பில் டயரின் ஓரமான பீடைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி இருக்கும். ஹூக்லெஸ்ஸில் அது கிடையாது. டயரின் இறுக்கமும் ரிம்மின் துல்லிய அளவும்தான் பிடித்துவைக்கின்றன. அதனால் சாலைச் சக்கரங்களுக்கு காற்றழுத்தத்தின் உச்ச வரம்பு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. ரிம்மிலோ டயரிலோ அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அந்தக் குறைவான எண்தான் வரம்பு. இப்போது 90 பிஎஸ்ஐ அடித்தே பழகியவர் கையில் இந்தச் சக்கரத்தைக் கொடுத்தால் என்ன செய்வார்? காலையில் பம்பை மாட்டி வழக்கம்போல 90 அடிப்பார். டயர் பிதுங்கிக் கழன்றால் அது முன்சக்கரத்தில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் முன்சக்கரத்தில் நடந்தால் ஓட்டுபவர் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. 2024 பிப்ரவரியில் யூஏஇ டூரில் தாமஸ் டி கென்ட் விழுந்தபோது ஹூக்லெஸ் ரிம்மை விட்டு டயர் கழன்று தொங்கிய காட்சி உலகம் முழுக்க ஓடியது. தொழில்முறை மெக்கானிக்குகள் பார்த்துப் பூட்டிய சக்கரம் அது.

ஆகவே கிளப்பின் ஒவ்வொரு சக்கரத்திலும் வால்வுக்குப் பக்கத்து ஸ்போக்கில் ஒரு அட்டை கட்டுங்கள். கொக்கி உண்டா இல்லையா, உச்சக் காற்றழுத்தம், டயர் அகலம், டயர் மாட்டிய தேதி, சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றிய தேதி, ரோட்டார் 140 மி.மீ.-ஆ 160-ஆ, கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) எத்தனை ஸ்பீட். ஹூக்லெஸ்ஸில் போடும் டயரில் 'ஹூக்லெஸ்ஸுக்கு ஏற்றது' என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும், ரிம்மின் உள் அகலத்துக்குப் பொருந்தும் குறைந்தபட்ச டயர் அகலத்தை ரிம் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்தே மாட்ட வேண்டும்.

ரோட்டார் அளவை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், 160-க்கு அமைத்த காலிப்பரில் (பேடைத் தாங்கும் பாகம்) 140 ரோட்டார் வந்தால் பேடின் விளிம்பு மட்டும்தான் ரோட்டாரைப் பிடிக்கும். சக்கரம் பாட்டுக்குச் சுழலும், உரசல் சத்தமும் இருக்காது, எல்லாம் சரி என்று தோன்றும். அளவு ஒன்றாகவே இருந்தாலும் ஹப்புக்கு ஹப் ரோட்டார் அரை மில்லிமீட்டர் இடம் மாறி உட்காரும். காலிப்பர் போல்ட்களைத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி மறுபடி இறுக்கினால் பெரும்பாலும் நேராகிவிடும். சக்கரம் இல்லாத நேரத்தில் யாராவது லீவரை அழுத்திவிட்டால் பிஸ்டன்கள் வெளியே வந்து, அடுத்த சக்கரம் நுழையாமல் நிற்கும். பிட்டில் இதற்கு ஒரு பிளாஸ்டிக் பேட் ஸ்பேசரும், பேடைத் தள்ள ஒரு தட்டையான டயர் லீவரும் வையுங்கள்.

ரிம் பிரேக்காரர்களுக்கு: அலுமினிய ரிம்முக்கான பேடோடு கார்பன் சக்கரம் இரவல் வாங்கினால் சக்கரத்தோடு பேடையும் மாற்ற வேண்டும். தவறான பேட் நீண்ட இறக்கத்தில் கார்பன் ரிம்மைச் சூடேற்றிப் பிரித்துவிடும். அலுமினியத் துகள் பொதிந்த பழைய பேடும் அதே அளவு கெடுதல்.

காற்றழுத்தமானி ஒன்றுக்கொன்று 5 பிஎஸ்ஐ வரை முரண்படுவது சாதாரணம். பரிசோதனை மேசையில் ஒரே கேஜ் வையுங்கள், தகராறு வந்தால் அது சொல்வதே முடிவு. சீலன்ட் 28 மி.மீ. டயருக்கு 30 முதல் 40 மி.லி. போதும். இரண்டு மூன்று மாதத்தில் காய ஆரம்பிக்கும். சக்கரத்தைக் காதருகில் வைத்துக் குலுக்கினால் சலசலவென்று கேட்க வேண்டும், கேட்கவில்லை என்றால் இரவல் கொடுக்காதீர்கள்.

முதலுதவிமேசை

விழுந்தவரைத் திரும்ப விடும் முடிவை விழுந்தவரிடம் விடவே கூடாது. தலையில் அடிபட்டவர் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்வதே அந்தக் காயத்தின் இயல்பு. கிரிட்டீரியத்தில் இலவசச் சுற்று என்ற விதி இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ஒரு சுற்றுக்குள் சேராவிட்டால் ரேஸ் போச்சு என்ற அவசரத்தில் ரத்தம் வழிய ஏறி உட்காருவார்கள். பிட்டில் ஒருவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரத்தைக் கொடுங்கள். அவர் எந்த அணியையும் சேராதவராக இருக்கட்டும்.

தலை தரையில் பட்டதா என்று முதலில் ஹெல்மெட்டைப் பாருங்கள். வெளி ஓட்டில் கீறல், உள்ளே நுரையில் விரிசல் அல்லது அமுக்கம் இருந்தால் அன்றைய ரேஸ் முடிந்தது. அந்த நுரை ஒரே ஒரு முறை நசுங்குவதற்காகச் செய்தது. நசுங்கிய இடம் அடுத்த அடியை வாங்காது. வேறு ஹெல்மெட் கொடுத்து அனுப்பவும் வேண்டாம், ஏனென்றால் ஹெல்மெட் வாங்கிய அடியில் ஒரு பங்கைத் தலையும் வாங்கியிருக்கும்.

கேள்விகள் அந்த ரேஸைப் பற்றியே இருக்கட்டும். இது எந்தச் சுற்று? எந்தத் திருப்பத்தில் விழுந்தீர்கள்? உங்களுக்கு முன்னால் யார் ஓடிக்கொண்டிருந்தார்? ஒன்றில் தடுமாறினாலும், பதில் தாமதமாக வந்தாலும், நிற்கத் தள்ளாடினாலும், பார்வை மங்குகிறது, குமட்டுகிறது என்றாலும் உட்கார வைத்துவிடுங்கள். கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கை காலில் மரத்துப்போதல் அல்லது பலவீனம், வலிப்பு, மறுபடி மறுபடி வாந்தி, அதிகரித்துக்கொண்டே போகும் தலைவலி, சிறிது நேரம் நினைவிழந்தது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் உடனே ஆம்புலன்ஸ். கழுத்தில் சந்தேகம் இருந்தால் அவரை அசைக்காதீர்கள், ஹெல்மெட்டையும் கழற்றாதீர்கள். நெஞ்சைப் பதற வைக்கும் நேரம் அது, சுற்றி நிற்பவர்கள் தூக்கி உட்கார வைக்கத்தான் ஓடிவருவார்கள். அவர்களைத் தடுக்க ஓர் ஆள் வேண்டும். யூசிஐ 2020 டிசம்பரில் வெளியிட்ட வழிமுறைப்படி, மூளை அதிர்ச்சி உறுதியானால் அறிகுறிகள் முழுதாக நின்ற பிறகும் குறைந்தது ஒரு வாரம் போட்டி கூடாது. அந்தப் பெயரை உங்கள் அடுத்த ரேஸின் பதிவாளருக்கும் தெரிவியுங்கள்.

ஹெல்மெட்டைத் தலையில் வைத்தபடியே பரிசோதியுங்கள், வண்டியில் தொங்கும் ஹெல்மெட்டைப் பார்த்துப் பயனில்லை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலம், அதற்கு மேல் நெற்றி தெரியக் கூடாது. வார்கள் காதுக்குக் கீழே வி வடிவில் சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம், கை நுழையக் கூடாது. உள்ளே ஈஎன் 1078 (ஐரோப்பியத் தரம்) அல்லது சிபிஎஸ்சி (அமெரிக்கத் தரம்) முத்திரை இருக்கிறதா பாருங்கள். சிபிஎஸ்சி சோதனையில் ஹெல்மெட்டைச் சுமார் 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் விழவைத்து, உள்ளே உள்ள தலை மாதிரிக்கு 300 ஜி-க்கு மேல் அதிர்ச்சி போகாமல் பார்க்கிறார்கள். முத்திரை இல்லாத போலிகளை அப்படி யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. தொழில்முறை ரேஸ்களில் யூசிஐ ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியதே 2003-ல், அந்த ஆண்டு பாரிஸ்-நீஸ் போட்டியில் ஆந்த்ரே கிவிலெவ் தலைக்காயத்தால் இறந்த பிறகுதான்.

சாவிக்கொத்து

ஆள் சரியென்றாலும் வண்டி சரியாக இருக்கிறதா என்று பிட்டில் பார்க்க வேண்டுமே, அதையும் சேர்த்துவிடுகிறேன். விழுந்த வண்டியில் பார், லீவர், பிரேக், சக்கரம் நான்கையும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். விட்டுப்போவது பின் டெரெய்லர் (கியர் மாற்றும் கருவி) தொங்கும் ஹேங்கர். வலப்பக்கம் விழுந்தால் அந்தச் சிறு துண்டு உள்பக்கம் வளையும். நடுக் கியரில் ஓடும்போது எதுவும் தெரியாது. மேட்டில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டெரெய்லர் ஸ்போக்குக்குள் போய்ப் பின்சக்கரத்தைப் பூட்டிவிடும். பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். டெரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்க்கோட்டில் செங்குத்தாக நிற்க வேண்டும். பிறகு வண்டியைத் தூக்கி மிதித்து மிகப் பெரிய பல்சக்கரம் வரை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அங்கே ஸ்போக்கைத் தொட்டால் அந்த வண்டி நிற்கட்டும்.

கிளப்செயலர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம் மட்டும். பரிசோதனையில் போல்ட் லூஸாக இருந்தால் தன்னார்வலரே முறுக்கிக் கொடுத்துவிடலாமா? வரிசை சீக்கிரம் நகருமே. இன்னொன்று, கிளிப்-ஆன் ஏரோ பாரோடு (முன்கையைச் சாய்த்துப் பிடிக்கும் கூடுதல் கைப்பிடி) வருபவரை என்ன செய்வது?

சாவிக்கொத்து

முறுக்கிக் கொடுக்கக் கூடாது. உங்கள் ஆள் முறுக்கிய கணத்தில் அந்தப் போல்ட் உங்கள் போல்ட் ஆகிவிடுகிறது. அந்த ஸ்டெம்மில் ஏற்கெனவே விரிசல் இருந்ததா, மரை போயிருந்ததா என்று அவருக்குத் தெரியாது. மேசைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு இடம் ஒதுக்கி 2 முதல் 15 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று, 3, 4, 5, 6 மி.மீ. பிட்கள், டி25 பிட், கார்பன் பேஸ்ட் வையுங்கள். குறையைக் காட்டுங்கள், சாவியைக் கொடுங்கள், ஓட்டுபவர் அவரே முறுக்கட்டும். அவருக்குத் தெரியாவிட்டால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள், அவர் கையாலேயே நடக்கட்டும். முடித்ததும் வரிசையில் முதலிலிருந்து ஒருமுறை பரிசோதனை.

ஏரோ பாரைக் கழற்றச் சொல்லுங்கள். கூட்டமாக ஓடும் போட்டியில் கை பிரேக்கிலிருந்து அவ்வளவு தூரம் இருக்க இடமில்லை. பாரின் மேல் முன்கையை மடித்து வைத்து ஓட்டுவதையும், மேல் டியூபில் உட்கார்ந்து இறக்கத்தில் போவதையும் யூசிஐ 2021 ஏப்ரலிலிருந்து தடை செய்திருக்கிறது. ஸ்டார்ட்டுக்கு முன் ஒலிபெருக்கியில் இதை ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

தொடக்கக்கோடு

படிவத்துக்கு நான் எழுதும் வாசகம் இது, உங்கள் ஊர்ச் சட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"என் வண்டி, ஹெல்மெட், மற்ற உபகரணங்கள் எனக்கும் உடன் ஓடுபவர்களுக்கும் ஆபத்து இல்லாத நிலையில் இருக்கின்றன என்பதை இன்று நானே பார்த்து உறுதி செய்தேன். சக்கரங்களைக் கடைசியாகப் பூட்டியவர்: (பெயர்). ஸ்டெம், ஹேண்டில்பார் போல்ட்களைக் கடைசியாக இறுக்கியவர்: (பெயர்). இரவல் வாங்கிய பொருள்: (பொருள், கொடுத்தவர்). அமைப்பாளரின் பரிசோதனை வெளிப்படையான குறைகளை மட்டும் பார்க்கும். என் வண்டி பாதுகாப்பானது என்பதற்கு அது சான்றாகாது. தலைமை நடுவர் என் வண்டியையோ என்னையோ போட்டியிலிருந்து நிறுத்தினால் அந்த முடிவை ஏற்பேன். தவறாகப் பூட்டியதாலோ இறுக்காததாலோ வரும் பழுதுக்கு இலவசச் சுற்று கேட்க மாட்டேன்."

அந்தப் பெயர் எழுதும் இடங்களை எடுத்துவிடாதீர்கள். 'கடைசியாக இறுக்கியவர்' என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு யோசிப்பவரை உடனே சாவிக்கொத்து சொன்ன டார்க் ரெஞ்ச் மேசைக்கு அனுப்புங்கள். படிவத்தை எண் பட்டை கொடுக்கும் இடத்தில், வண்டி கூடவே நிற்கும்போது நிரப்ப வையுங்கள். ஆன்லைனில் ஒரு வாரம் முன்பே டிக் போட்டு வாங்கினால் 'இன்று' என்ற சொல்லுக்கு அர்த்தமே இருக்காது.